இரண்டு நிமிடச் சவாரிக்கு எவ்வளவு நேரம் நிற்கலாம்?

லக்கலயிலிருந்து மேல் மாகாணத்துப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சுற்றுலா பஸ் விடியுமுன்னரே புறப்பட்டாக வேண்டும். இலுக்கும்புர, ரிவர்ஸ்டன் வளைவுகளில் ஏறி இறங்கி, ரத்தோட்டை, மாத்தளை, கண்டி என்று கடந்து, அவிசாவளைப் பக்கத்து லெஷர் வேர்ல்டையோ பண்டாரகமையின் பேர்ல் பேயையோ அடைவதற்குள் நாளில் பெரும் பங்கு போய்விடும். மிஞ்சிய நேரமும் விடுமுறைக் கூட்டத்தில் வரிசைகளிலேயே கரைகிறது. ஒரு மணித்தியாலம் நின்று, இரண்டு நிமிடம் சுற்றி இறங்கிய பிள்ளையிடம் "இதுக்குத்தானா இவ்வளவு நேரம் நின்டது?" என்று கேட்டால், "இன்னொருக்கா போவமா சேர்?" என்பதுதான் பதிலாக வரும். வெளிநாட்டுப் பெரும் பூங்காக்களில் இரண்டு மணித்தியால வரிசைகூட அதிசயமில்லை. அறுபது நிமிடத்தைக் கொடுத்து இரண்டு நிமிடத்தை வாங்குவது எந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொள்ளாத வியாபாரம். ஆனாலும் உலகம் முழுவதும் மனிதர்கள் அதைச் செய்கிறார்கள். செய்துவிட்டுச் சிரித்தபடி இறங்குகிறார்கள்.

கேள்வி கேட்ட பெரியவரும் பதில் சொன்ன பிள்ளையும் இருவருமே பாதிதான் சரி. நிமிடத்தை நிமிடத்தால் வகுத்துப் பார்க்கும் பெரியவர், அனுபவத்தின் பெறுமதி அதன் நீளத்தில் இருப்பதாக எண்ணுகிறார்; மனித மூளை அப்படிக் கணக்கு வைப்பதில்லை. சிரித்தபடி இறங்கும் பிள்ளையோ, நின்றது தகும் என்பதற்குத் தன் சிரிப்பையே சாட்சியாகக் காட்டுகிறது. அந்தச் சாட்சியை அப்படியே ஏற்க முடியாது என்று காட்டும் பரிசோதனைகள் உண்டு. இவற்றைவிட முக்கியமான ஒன்றை இருவருமே கவனிக்கவில்லை. வரிசையின் நீளம் சவாரியின் தரத்தைச் சொல்வதில்லை. அது பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை இருக்கைகள் கிளம்புகின்றன என்பதைத்தான் சொல்கிறது. அதனால் விசாரணையை மனத்திலிருந்து அல்ல, இருக்கைகளிலிருந்து தொடங்குவதே முறை.

இதை லக்கலக்காரருக்கு விளக்க வெளியூர் உதாரணம் வேண்டாம். பழைய பல்லேகம நகரை நீருக்குள் விட்டு 2018இல் நிரம்பத் தொடங்கிய களு கங்கை நீர்த்தேக்கமே போதும். (இரத்தினபுரி வழியாகக் களுத்துறைக்கு ஓடும் களு கங்கை வேறு; இது அம்பன் கங்கையில் சேர்வது.) அதன் கொள்ளளவு 248 மில்லியன் கனமீற்றர். நக்கிள்ஸ் சரிவுகளிலிருந்து வரும் வரத்து ஒருபக்கம். கீழ்வயல்களுக்கும் மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்கும் போகும் வெளியேற்றம் மறுபக்கம். வரத்து கூடினால் மட்டம் ஏறும், குறைந்தால் இறங்கும். இவ்வளவும் தெரிந்ததே. சற்று யோசித்தால் தெரியவருவது இன்னொன்று: நாளொன்றுக்கு 1 மில்லியன் கனமீற்றர் வெளியேறி அதே அளவு உள்ளே வந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நிரம்பிய நீர்த்தேக்கத்தில் ஒரு துளி நீர் சராசரியாக 248 நாள் தங்கும். எந்தத் துளிக்கும் சாயம் பூசிப் பின்தொடர வேண்டியதில்லை. தேங்கியிருப்பதை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் தங்கும் காலம் கிடைத்துவிடும். மழை எந்த ஒழுங்கில் பெய்தாலும், எந்தத் துளி முந்தினாலும் பிந்தினாலும், நீண்டகாலச் சராசரியில் இந்தக் கணக்கு மாறாது. வரிசைகளுக்கும் இது பொருந்தும் என்பதை 1961இல் கணிதமாக நிறுவியவர் அமெரிக்கரான ஜோன் லிட்டில். அதுவரை எல்லோரும் உள்ளுணர்வாக நம்பிவந்த ஒன்றை, விசேட நிபந்தனைகள் ஏறக்குறைய எதுவுமின்றியே உண்மை என்று காட்டியதுதான் அவர் செய்த வேலை. இன்று தொழிற்சாலை, வைத்தியசாலை, கணினி வலையமைப்பு எதைத் திட்டமிடுபவரும் 'லிட்டில் விதி' தெரியாமல் இருக்க மாட்டார்.

பூங்காவுக்கு இதைக் கொண்டுவருவோம். 480 பேர் நிற்கும் வரிசை பார்ப்பவரைப் பயமுறுத்தும். மணித்தியாலத்துக்கு 480 பேரை ஏற்றும் சவாரியானால் அது ஒரு மணித்தியாலக் காத்திருப்பு. 1,440 பேரை ஏற்றும் சவாரியானால் வெறும் இருபது நிமிடம். நீளமான வரிசையைக் கண்டு 'அங்கே ஏதோ பெரிய விசயம் இருக்கு' என்று ஓடிப்போய்ச் சேர்கிறவர், சவாரியின் புகழை அல்ல, அதன் மந்தத்தை அளந்துவிட்டு ஏமாறக்கூடும்.

மணித்தியாலத்துக்கு எத்தனை பேர் என்ற இந்த எண்ணைச் சேவை வீதம் எனலாம். அது எதனால் தீர்மானமாகிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊசல்போல ஆடும் கப்பல் சவாரியை எடுத்துக்கொள்வோம். 40 இருக்கை, ஆட்டம் 2 நிமிடம், இறக்கி, ஏற்றி, பூட்டுகளைச் சரிபார்க்க 3 நிமிடம். ஆக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு முறை, 480 பேர். 'இரண்டு நிமிடம் போதாது, நாலாக்குங்கள்' என்று சனங்கள் கேட்டு நிர்வாகமும் இணங்கினால், சுற்று ஏழு நிமிடமாகும். ஏற்றக்கூடியவர் 340 அளவுக்குக் குறைவர். அதே 480 பேர் வரிசையின் காத்திருப்பு 60 நிமிடத்திலிருந்து 84 நிமிடத்துக்கு ஏறும். இரண்டு நிமிடத்தைக் கூட்டிக் கேட்டவர் 24 நிமிடத்தைக் கட்டணமாகச் செலுத்துகிறார். ரோலர் கோஸ்டரில் கதை வேறு. பெரிய கோஸ்டர்களில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு மூன்று பெட்டித் தொடர்கள் ஓடும். அவை மோதாமல் இருக்க ரயில் பாதையிலிருந்து கடன் வாங்கிய ஒரு முறை இருக்கிறது: தண்டவாளம் பல தடப்பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கும்; ஒரு பிரிவில் ஒரு தொடர் இருக்கும்வரை பின்னால் வருவது அதற்குள் நுழைய முடியாது; முன்பிரிவு காலியாகாவிட்டால் பின்வருவதைப் பிரேக்குகள் தாமாகவே நிறுத்திவிடும். இப்படிப்பட்ட சவாரியில், தொடர்கள் போதுமான அளவு இருக்கும்வரை, பயணம் ஒரு நிமிடமா மூன்று நிமிடமா என்பது சேவை வீதத்தைப் பாதிப்பதில்லை. ஒரு தொடர் கிளம்பியபின் அடுத்தது கிளம்ப எவ்வளவு நேரம் என்பதே எல்லாம். 24 இருக்கைத் தொடர் 90 செக்கனுக்கு ஒன்று கிளம்பினால் மணித்தியாலத்துக்கு 960 பேர். யாரோ கைப்பையோடு ஏறி, யாரோ பட்டியைப் பூட்டத் தெரியாமல் தடுமாறி, இடைவெளி 120 செக்கனானால் 720 பேர். 960 பேர் வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு அந்த 30 செக்கன், இருபது நிமிடமாக வளர்ந்து வந்து சேர்கிறது. நான்கு பேர் குடும்பமாக வந்து ஒன்றாகத்தான் அமர்வோம் என்று அடம்பிடிக்க, தொடருக்கு நாலு இருக்கை வெறுமையாகப் போனாலும் இதே கதைதான். பூங்கா ஊழியர் அவசரப்படுத்துவதைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

சவாரியை ஏன் நீட்ட முடியாது என்பதற்கு வரிசைக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. வழக்கமான கோஸ்டர் தொடரில் இயந்திரம் கிடையாது. முதல் மேட்டுக்குச் சங்கிலி அதை இழுத்துவிடுகிறது. அங்கே சேரும் அழுத்த சக்திதான் பயணம் முழுவதற்குமான கைமுதல். இறங்கும்போது அது இயக்க சக்தியாகிறது, ஏறும்போது திரும்பவும் அழுத்த சக்தியாகிறது. ஒவ்வொரு முறையும் உராய்வும் காற்றும் தமது பங்கை எடுத்துக்கொள்கின்றன. முதல் மேடு மிக உயரமாக இருப்பதும் பின்னால் வருபவை தாழ்ந்துகொண்டே போவதும் இதனால்தான். கைமுதல் தீர்ந்ததும் பயணமும் தீரும். இனி, உடலுக்குத் தெரியும் பகுதியைப் பாருங்கள். நமது எடை என்று நாம் உணர்வது பூமியின் இழுப்பை அல்ல, இருக்கை நம்மைத் தாங்கும் விசையை. இருக்கையும் நம்மோடு சேர்ந்து விழும்போது தாங்கல் இல்லாமற் போகிறது. குடல் மேலே எழும்புவதுபோன்ற அந்த உணர்வு அப்போது வருவது. உட்காதில் மிகச் சிறிய சுண்ணாம்புப் பளிங்குகள் ஒரு மென்படலத்தின் மேல் இருந்து கீழேயுள்ள உணர்மயிர்களை வளைக்கின்றன. அந்த வளைவு மாறியதும் மூளைக்கு அபாயச் செய்தி போகிறது. ஆனால், 20 மீற்றர் நேராக விழ ஏறத்தாழ இரண்டு செக்கன்தான் ஆகும். உயரத்தை இருமடங்காக்கி 40 மீற்றர் ஆக்கினாலும் மூன்று செக்கனைத் தொடாது. ஆக, வரிசையில் நின்றவர் உண்மையில் நின்றது இரண்டு நிமிடத்துக்காகக்கூட அல்ல, சில செக்கன்களுக்காக.

அந்தச் செக்கன்களைத் தொடர்ச்சியாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். புலன் அதற்கு இணங்காது. ஒரே சீராகச் சுழலும் நாற்காலியில் கண்ணைக் கட்டி ஒருவரை உட்கார வைத்தால், முதலில் சுழல்வதாகச் சொல்வார். சில பத்து செக்கன்களில் நின்றுவிட்டதாகச் சொல்வார், நாற்காலியோ அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அதை உண்மையில் நிறுத்தினால் எதிர்த்திசையில் சுழல்வதாக அலறுவார். உட்காதின் அரைவட்டக் கால்வாய்களில் உள்ள திரவம் சுழற்சியோடு ஒத்துப்போய்விடுவதால் வரும் மயக்கம் இது. இந்த உறுப்பின் இயக்கத்தை ஆராய்ந்ததற்காகவே ரொபேர்ட் பாரானி 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். உட்காது அறிவது வேகத்தை அல்ல, வேக மாற்றத்தை, அதாவது ஆர்முடுகலை. எனவே சவாரி என்பது இயல்பிலேயே குறுகிய, மாறிக்கொண்டே இருக்கும் பொருள். அதை நீட்டினால் பரவசம் கூடாது, தலைச்சுற்றுத்தான் கூடும்.

வரிசை உருவாக இருக்கை போதாமை ஒன்றே காரணம் அல்ல என்பதையும் இடையில் சொல்லிவிட வேண்டும். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. ஏர்லாங் 1909இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே தொடக்கம். அழைப்புகள் ஒழுங்காக வருவதில்லை, கொத்தாக வரும், பின் ஓயும். அந்த ஒழுங்கின்மையே நெரிசலை உண்டாக்குகிறது என்பது அவர் எடுத்த பாதை. அதில் வளர்ந்த கணிதப்படி, தற்செயலாக ஆட்கள் வரும் ஒரு சீட்டுக் கவுண்டர் பாதி நேரம் மட்டும் வேலையாக இருந்தால் சராசரியாகக் காத்திருப்பவர் அரை ஆள். 90 சதவீத நேரம் வேலையாக இருந்தால் எட்டுப் பேர். 95 சதவீதமானால் 18 பேர். கடைசி ஐந்து சதவீதம் வரிசையை இரட்டிப்பாக்குகிறது. இருக்கைகள் வீணாகக் கூடாது என்று நினைக்கும் எந்த நிர்வாகமும் வரிசையை விரும்பி அழைக்கிறது என்பதே இதன் பொருள்.

சரி, வரிசை எங்கே போய் நிற்கும்? கார்னிவலில் இராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் தனித்தனிச் சீட்டு. காசுதான் கூட்டத்தை மட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவின் டிஸ்னிலாண்டிலும் 1982 வரை ஒவ்வொரு சவாரிக்கும் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஓர் இதழைக் கிழித்துக் கொடுத்தார்கள். வாசலிலேயே ஒரே கட்டணம் வாங்கிவிடும் இன்றைய பூங்காவில் உள்ளே எல்லாம் இலவசம். இலவசமான பொருளுக்கு ஒரே விலை காத்திருப்பு. வருபவர் ஒவ்வொருவரும் வரிசையைப் பார்த்து 'இவ்வளவு நிற்கலாமா' என்று எண்ணுகிறார். நிற்கலாம் என்றால் சேர்கிறார். அப்படியானால் 'இதற்கு மேல் நின்றால் நட்டம்' என்று அடுத்தவர் விலகிப்போகும் இடம்வரை வரிசை வளரும். கடைசியாகச் சேர்ந்தவருக்குச் சவாரியின் இன்பமும் நிற்கும் துன்பமும் ஏறக்குறையச் சமன். அவருக்கு இலாபம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. 1969இல் பின்ஹாஸ் நாவோர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் இந்தச் சிந்தனையை ஒழுங்காக எழுதிக் காட்டினார். அவரது முடிவின் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது: சேர்பவர் தன் காத்திருப்பை மட்டும் எண்ணுகிறார், தன்னால் பின்னால் வருபவருக்கு ஏற்படும் தாமதத்தை எண்ணுவதில்லை. ஆகவே தாமாக உருவாகும் வரிசை, எல்லோருக்கும் நன்மையான அளவைவிட எப்போதும் நீளமாகவே இருக்கும். 'இவ்வளவு பேர் நிற்கிறார்களே, தகாமலா நிற்கிறார்கள்' என்ற வாதம் இங்கே கவிழ்கிறது. அவ்வளவு பேர் நிற்பதுதான் அது இனித் தகாது என்பதற்கு அறிகுறி.

இதற்கு உடனே வரும் மறுப்பு: நின்று முடித்தவர்கள் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார்கள்? இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது நினைவு. அனுபவத்தின் கூட்டுத்தொகை அல்ல. டேனியல் கானமனும் துணைவர்களும் 1993இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், பங்கேற்றவர்கள் ஒரு கையை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 செக்கன் வைத்திருந்தார்கள். மற்றொரு தடவை மற்றக் கையை அதே நீரில் 60 செக்கனும், பிறகு நீர் மெல்ல 15 பாகைக்குச் சூடேறும் இன்னொரு 30 செக்கனும் வைத்திருந்தார்கள். இரண்டாவதில் துன்பம் நிச்சயமாகக் கூட. ஆனாலும் 'எதை மீண்டும் செய்வீர்கள்' என்றபோது பெரும்பாலோர் நீளமானதையே தெரிந்தெடுத்தனர், அது சற்று நல்லபடியாக முடிந்தது என்பதால். நினைவு ஓர் அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொண்டு நீளத்தைக் கைவிடுகிறது. உச்ச–இறுதி விதி என்று இதைச் சொல்லலாம். கோஸ்டர் வரிசை இந்த விதிக்கென்றே கட்டியதுபோல இருக்கிறது: அலுப்பு முன்னால், உச்சம் பின்னால், உச்சத்தோடேயே முடிவு. போதாக்குறைக்கு, பாடுபட்டுப் பெற்றதை மனம் உயர்த்தி மதிக்கும். எலியட் அரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இல் காட்டியபடி, ஒரு குழுவில் சேரக் கடுமையான சோதனைக்கு ஆளானவர்கள், அந்தக் குழுவின் சாரமற்ற கலந்துரையாடலைக்கூடச் சுவையானது என்றார்கள். இறங்கி வருபவரின் சிரிப்பு பொய்யல்ல. ஆனால் ஒரு மணித்தியாலம் நின்ற ஒருவர் 'வீணாப்போச்சு' என்று தனக்கே சொல்லிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதையும் அதோடு சேர்த்து எடை போட வேண்டும்.

இத்தோடு காத்திருப்பு முழுவதையும் மனமயக்கம் என்று தள்ளிவிட்டால் அதுவும் தவறு. நினைவை நம்பாமல், நடக்கும்போதே அளந்த ஆய்வுகள் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஒன்றில், கடும் ஆஸ்துமா உள்ள 25 இளம்பெண்களையும் ஆஸ்துமா இல்லாத 15 பேரையும் திரும்பத் திரும்பக் கோஸ்டரில் ஏற்றினார்கள். பதற்றமும் குருதியழுத்தமும் உச்சத்தைத் தொட்டது சவாரிக்குச் சற்று முன்னர். மகிழ்ச்சிக் கிளர்ச்சியும் இதயத்துடிப்பும் உச்சமடைந்தது சவாரி முடிந்த கையோடு. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுத்திணறல் உணர்வுகூட ஏறுமுன்தான் அதிகம். நுரையீரலின் செயற்றிறன் குறைந்திருந்தவர்களிடமும் இறங்கியபின் அது தணிந்திருந்தது. அதாவது தண்டவாளத்தில் சக்கரம் உருளுமுன்னரே உடலில் சவாரி தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பொருளொன்றை வாங்கக் காத்திருப்பதைவிட அனுபவமொன்றுக்காகக் காத்திருப்பது இனிமையாக இருப்பதைக் கண்டது. எனவே காத்திருப்பில் ஒரு பகுதி உண்மையிலேயே சவாரியின் பகுதி. எந்தப் பகுதி என்பதே கேள்வி. பதற்றம் உச்சமடைவது ஏறுவதற்குச் சற்று முன் என்றால், மேலே ஒரு தொடர் இரைந்து போவதும் பூட்டுகள் மாட்டப்படும் ஒலியும் கேட்கும் கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான் அந்தப் பெருமை என்று கொள்கிறேன். கம்பித் தடுப்புகளுக்கிடையே வெயிலில் வளைந்து வளைந்து நகரும் முதல் ஐம்பது நிமிடத்துக்கு அதில் பங்கில்லை.

அந்த ஐம்பது நிமிடம் எப்போது தாங்கக்கூடியது என்பதை 1985இல் டேவிட் மெய்ஸ்டர் தொகுத்துச் சொன்னார்: செய்ய ஏதும் இல்லாத நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு என்று தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளம், காரணம் சொல்லப்படாததும் நீதியற்றதும் இன்னும் நீளம். இலங்கையருக்கு இதற்கு ஆய்வுக்கட்டுரை தேவையில்லை. 2022இல் பெற்றோல் செட்டின் முன்னால் நாட்கணக்கில் கிடந்தவர்களை வதைத்தது நேரம் மட்டுமல்ல. பவுசர் வருமா வராதா, வந்தாலும் தன் முறை வருமுன் தீர்ந்துவிடுமா, முன்னால் யாரோ குறுக்கே புகுந்துவிட்டாரா என்ற மூன்று நிச்சயமின்மைகள். எதிர்ப்பக்கத்தில், 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை கண்டி தலதா மாளிகையில் புனித தந்ததாது 16 ஆண்டுகளுக்குப் பின் மக்கள் வழிபாட்டுக்கு வைக்கப்பட்டபோது, சில கணத் தரிசனத்துக்காக மக்கள் வீதியிலேயே இரவைக் கழித்தார்கள். அவர்கள் நின்றது தகும் என்றால் கோஸ்டருக்கு நிற்பதும் தகாதா என்று கேட்கலாம். அங்கே நிற்பதே காணிக்கை. வரிசையை நீக்கிவிட்டால் வழிபாட்டில் ஒரு பகுதி போய்விடும். கோஸ்டர் வரிசையில் அந்தக் கடைசிச் சில நிமிடங்களை விட்டு மீதியை நீக்கினால் யாரும் எதையும் இழக்கப் போவதில்லை. பக்தியின் கணக்கைக் கேளிக்கைக்கு எடுத்துவர முடியாது.

நீதி என்ற சொல் வந்ததால், கூடுதல் விலைக்கு விற்கப்படும் விரைவு வரிசையையும் விட்டுவிட முடியாது. 2000இல் கொச்சியில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கி, 2025 டிசம்பரில் சென்னைக்கும் வந்திருக்கும் வொண்டர்லா போன்ற பூங்காக்களில் இப்படிப்பட்ட சீட்டு உண்டு. அது புதிய இருக்கை எதையும் உண்டாக்குவதில்லை. 960 இருக்கைகளில் மூன்றில் ஒன்று விரைவு வரிசைக்குப் போனால், மற்றவர்களுக்கு 640. 960 பேர் வரிசையின் காத்திருப்பு 60இலிருந்து 90 நிமிடமாகிறது. வாங்கியவர் மிச்சம்பிடித்த நேரம் வாங்காதவரிடமிருந்து எடுக்கப்பட்டது, அவரது சம்மதமில்லாமல். இலவசமாகக் கொடுத்தாலும் சிக்கல் தீரவில்லை. டிஸ்னி 1999இல் கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ், குறித்த நேரத்தில் திரும்பி வரும்படி ஒரு சீட்டைத் தந்தது. முன்பு ஓர் உடல் ஒரு வரிசையில்தான் நிற்க முடியும். இப்போது சீட்டு ஒரு வரிசையிலும் உடல் இன்னொரு வரிசையிலும் நின்றன. சாதாரண வரிசைகள் நீண்டன. 2021இல் அந்த இலவச முறை கைவிடப்பட்டு, கட்டணமுறை வந்தது. 2022 ஜூலையில் இலங்கை அறிமுகப்படுத்திய எரிபொருள் கியூஆர் அட்டை இதிலிருந்து ஒரு விதத்தில் வேறுபட்டது: அது இடத்தைப் பிடித்துவைக்கவில்லை; வாரத்துக்கு இவ்வளவுதான் என்று கேள்வியையே அளந்தது, வாகன எண்ணின் கடைசி இலக்கத்தால் நாளையும் பிரித்தது. எரிபொருள் கப்பல்கள் வந்ததும் உதவியது உண்மை. ஆனால் வரத்தைப் பரப்பினால்தான் தேக்கம் குறையும் என்பதற்கு அது நம் கண்முன் நடந்த சான்று.

இவ்வளவையும் வைத்துத் தீர்ப்புக்கு வரலாம். காத்திருப்பின் விலை அதில் போன நிமிடமல்ல, அந்த நிமிடத்தில் கிடைத்திருக்கக்கூடிய மற்றச் சவாரிகள். ஏழு மணித்தியாலம் திறந்திருக்கும் பூங்காவில் ஒன்றரை மணித்தியால வரிசை நாளின் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். அதே நேரத்தில் கால் மணித்தியாலச் சவாரிகள் ஆறு போகலாம். தூரத்திலிருந்து வந்தவர்கள் 'இவ்வளவு தூரம் வந்தது இதுக்குத்தானே' என்று நிற்பது வழக்கம். பஸ்ஸில் போன நேரம் எப்படியும் போனதுதான். நின்றாலும் நிற்காவிட்டாலும் அது திரும்பாது. மிஞ்சிய மணித்தியாலங்கள் குறைவு என்பதால் அவர்கள்தான் இன்னும் கவனமாகச் செலவழிக்க வேண்டும். மறுபக்கம், நினைவு உச்சத்தைத்தான் பிடித்துவைக்கிறது என்பதும் உண்மை. நாளின் உச்சமாகக்கூடிய ஒரு சவாரிக்கு ஒருமுறை நீண்டு நிற்பதை அறிவீனம் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது நீண்ட வரிசைக்கு அந்த நியாயம் இல்லை. உச்சம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இரண்டாவது அதன் மேல் ஏறுவது அபூர்வம், ஆனால் விலை அதேதான். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு நீண்ட வரிசை, அதுவும் எவ்வளவு நேரம் என்று தெரிந்து, நகர்ந்துகொண்டிருக்கும், குறுக்கே யாரும் புகாத வரிசையானால் மட்டும். வாசல் திறந்த கையோடு அதை முடித்துக்கொள்வது நல்லது, வரத்து இன்னும் வெளியேற்றத்தை முந்தியிருக்காது.

நம் நாட்டுப் பூங்காக்கள் ஒவ்வொரு சவாரியின் முன்னாலும் 'மணித்தியாலத்துக்கு இத்தனை பேர்' என்று ஒரு பலகை வைத்தால் பெரும் உதவி. செலவு ஒரு தகரத் துண்டும் கொஞ்சம் பெயின்ற்றும். அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வரிசையில் சேருமுன் ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்று எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வரிசையிலுள்ள தலைகளை உத்தேசமாக எண்ணி, பெருக்கி வந்த அந்தத் தொகையால் வகுத்தால் வருவது உங்கள் காத்திருப்பு, மணித்தியாலத்தில். ஒன்றுக்கு மேல் வந்து, அன்றைக்கு ஏற்கெனவே ஒரு நீண்ட வரிசையில் நின்றாயிற்று என்றால், பிள்ளைகளை அடுத்த சவாரிக்குக் கூட்டிப் போங்கள்.